பிரஷர் என்றால் எந்தப் பிரஷர்?

பள்ளத்தூர் வீட்டில் என்னைப் பெற்ற ஆத்தாவின் பீரோவுக்குள், பேங்க் பாஸ்புக்குகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் சீட்டு இருக்கிறது. 2016-இல் எங்கள் பக்கத்தில் நடந்த ஓர் இலவசக் கண் முகாமில் கொடுத்தது. வலது கண்ணுக்கு 26, இடது கண்ணுக்கு 30 என்று இரண்டு எண்கள். பக்கத்தில் ஆங்கிலத்தில் ஐ.ஓ.பி. என்று மூன்று எழுத்து. கீழே, மதுரைக்குப் போகவும் என்று ஒரு கிறுக்கல். சீட்டைக் கையில் கொடுத்தவர் வாயால் சொன்னது ஒரே வரிதான்.

"பிரஷர் கூட இருக்கு ஆச்சி, போய்க் காட்டிருங்க."

எங்கள் வீட்டில் பிரஷர் என்றால் ஒன்றுதான். ஆத்தா பத்து வருடமாக அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். மறுநாளே காரைக்குடியில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். "முகாம்ல பிரஷர் கூட இருக்குன்னாங்க டாக்டர்" என்றேன். சீட்டைக் காட்டத் தோன்றவில்லை. அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். 130-க்கு 80. நன்றாக இருக்கிறது, அதே மாத்திரை போதும் என்றார். நிம்மதியாகத் திரும்பி வந்தோம். அந்த நிம்மதியில் இரண்டு வருடத்துக்கு மேல் போய்விட்டது.

சீட்டில் இருந்தது ரத்த அழுத்தம் இல்லை, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம். இரண்டையும் பாதரச மில்லிமீட்டரில்தான் சொல்வார்கள், ஆனால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் சொல்ல முடியாது. கண் அழுத்தம் பொதுவாக 10-லிருந்து 21-க்குள் இருக்க வேண்டும். ஆத்தாவுக்கு இருந்தது 30.

இதை எழுதுவதற்குக் காரணமே அந்த ஒரு சொல்தான். நோயைப் பற்றித் தெரியாமல் இருந்தது கூடப் பெரிய தவறு இல்லை, எல்லாருக்கும் எல்லாம் தெரியாது. ஆனால் எங்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லை வைத்துத் கிளாக்கோமா என்ற தெரியாத ஒரு கண் நோயை மூடிவிட்டோம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

அந்த இரண்டு வருடமும் அறிகுறி இல்லாமல் இல்லை. எங்களுக்கு அது அறிகுறியாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்து வீடுகள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குப் புரியும். முகப்பிலிருந்து உள் கூடமான வளவுக்கு ஒரு படி, வளவிலிருந்து நடு முற்றமான வாசலுக்கு ஒரு படி, பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டுக்கு உயரமான நிலைப்படி. வாசலில் வெயில் கண்ணைக் கூசும், அறைக்குள் நுழைந்தால் இருட்டு. அறுபது வருடமாக ஆத்தா கண்ணை மூடிக்கொண்டு நடமாடிய வீடு அது. அந்த வீட்டில் அவர் படி தவற ஆரம்பித்தார். இடது தோளை நிலையில் இடித்துக்கொள்வார். முழங்கால் தேய்மானம் என்றோம், தைலம் வாங்கிக் கொடுத்தோம்.

கண்ணைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால் ஆத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பரில் பொடி எழுத்து வரை படிப்பார். ஊசியில் நூல் கோர்ப்பார். பனையோலையில் கொட்டான் என்கிற சின்னக் கூடை முடைவார், ஒரு பின்னல் பிசகாது. "கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்குத்தா, காலுதான் சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது" என்பார். இந்த நோய் அப்படித்தான் ஏமாற்றுகிறது. முதலில் ஓரத்துப் பார்வையைத் தின்னும். நடுப்பார்வையை அநேகமாகக் கடைசி வரை விட்டுவைக்கும். படிக்க முடிகிறதே என்று நாம் இருந்துவிடுவோம்.

2018 கடைசியில் வளவுப் படியில் விழுந்து ஆத்தாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட எலும்பு டாக்டர்தான், "படி கண்ணுக்குத் தெரியலையா, இல்ல கால் தடுக்குச்சா?" என்று கேட்டார். அதுவரை நாங்கள் யாருமே கேட்காத கேள்வி. ஆத்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "படி இருந்தது தெரியல" என்றார்.

திருப்பத்தூர், மேலூர் வழியாக பஸ்ஸில் மதுரை இரண்டு மணி நேரப் பயணம். அங்கே ஒரு பெரிய கண் மருத்துவமனையில் ஒரு நாள் முழுக்கச் சோதித்தார்கள். அதில் எனக்கு மறக்காதது ஃபீல்டு டெஸ்ட். முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடி, கிண்ணம் போன்ற வெள்ளைக் குழிக்குள் பார்க்க வேண்டும். அங்கங்கே ஒளிப்புள்ளி தோன்றும். தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நீண்ட நேரம் அந்தப் பொத்தான் சத்தமே கேட்கவில்லை. அப்புறம் ஒரு தாளை நீட்டினார்கள். வலது கண் படத்தில் கீழ்ப்பக்கம் கறுப்பு. இடது கண் படத்தில் நடுவே கொஞ்சம்தான் வெள்ளை.

டாக்டர் அம்மா நோயின் பெயரை இரண்டு விதமாகச் சொன்னார். கிளாக்கோமா, தமிழில் கண் நீர் அழுத்த நோய். கண்ணீர் வேறு, இது வேறு என்று முதலிலேயே தெளிவாக்கினார். கண்ணின் முன்பகுதியில் ஒரு நீர் சதா ஊறிக்கொண்டிருக்கும். ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற பாதை வழியாக வடியும். வடிகால் சரியில்லாவிட்டால் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக நசியும். நசிந்த நரம்பு திரும்பாது. மருந்தோ, லேசரோ, ஆபரேஷனோ எதுவானாலும் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான். அழுத்தம் 21-க்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, நரம்பையும் பார்க்க வேண்டும் என்றார்.

ஆத்தாவுக்கு லேசாகப் புரையும் இருந்தது. அதைக் கேட்டதும் நான் அவசரப்பட்டு, "புரையை எடுத்துட்டா சரியாயிரும்ல டாக்டர்?" என்றேன். புரையால் மங்கியது தெளியும், நரம்பால் போனது வராது என்றார். புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வெளுப்பது. லென்ஸை மாற்றலாம், நரம்பை மாற்ற முடியாது. இந்த ஒரு வித்தியாசம் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஏன் மூன்று தலைமுறை என்கிறேன் என்றால், டாக்டர் அடுத்துக் கேட்டது அதுதான். வீட்டில் யாருக்காவது பார்வை போயிருக்கிறதா? இல்லை என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் ஆத்தா மெதுவாகச் சொன்னார், அவரைப் பெற்ற அப்பச்சிக்குக் கடைசி எட்டு வருடம் இரண்டு கண்ணும் தெரியாது என்று (அப்பாவைத்தான் நாங்கள் அப்பச்சி என்போம்). ரங்கூனில் கணக்குப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். "அது வயசான புரைன்னுதான் வீட்டுல சொல்லுவாக." அது புரையா, அழுத்தமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பெற்றவர்களுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ கிளாக்கோமா இருந்தால் நமக்கு வருவதற்கான வாய்ப்பு பல மடங்கு கூடும். புரை என்ற சொல் போட்டு மூடியதால், ஆத்தாவும் அவர் அண்ணன் தம்பிகளும் நாற்பது வயதிலேயே பார்த்திருக்க வேண்டிய சோதனையை யாரும் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் வயதானவர்கள் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்கள், சதை வளர்ந்துவிட்டது என்பார்கள், புரை என்பார்கள். மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்வார்கள். டாக்டரிடம் போனால் மூன்றும் மூன்று நோய். பூ என்பது கருவிழியில், அதாவது கார்னியாவில், புண்ணோ அடியோ ஆறிய தழும்பு. வெளியிலிருந்து பார்த்தாலே வெள்ளையாகத் தெரியும். சதை என்பது வெள்ளை விழியிலிருந்து மூக்குப் பக்கமாகக் கருவிழி மேல் ஏறுகிற இறைச்சி போன்ற படலம். வெயிலிலும் புழுதியிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு அதிகம் வரும். புரை கண் பாப்பாவுக்குப் பின்னால், உள்ளே இருப்பது. கிளாக்கோமாவுக்கு மட்டும் நம் வீட்டுப் பேச்சில் பெயரே இல்லை. வெளியே ஒன்றும் தெரியாது, வலியும் கிடையாது, பெயர் வைப்பதற்கு என்ன இருக்கிறது?

வலியே இல்லாத வகைதான் எல்லாம் என்றும் நினைத்துவிடக் கூடாது. வடிகால் திடீரென்று அடைத்துக்கொள்கிற வகை ஒன்று உண்டு. கண் சிவந்து, தலை பிளக்கிற மாதிரி வலித்து, வாந்தி வந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். வாந்தியும் தலைவலியும் என்பதால் பித்தம் என்று கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓட வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

புரை முத்தட்டும் என்று காத்திருக்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பெரியவர்கள் அறிவில்லாமல் சொல்லவில்லை. என் அப்பத்தா காலத்தில் லென்ஸை அப்படியே முழுசாக வெளியே எடுத்துவிடுவார்கள். பதிலுக்கு உள்ளே எதுவும் வைப்பதில்லை. அப்புறம் சோடாபுட்டிக் கண்ணாடிதான். அப்பத்தா அதைப் போட்டுக்கொண்டு படி இறங்கப் பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது. அப்படிப்பட்ட ஆபரேஷனைப் பார்வை நன்றாகக் கெட்ட பிறகு செய்துகொள்வதில் நியாயம் இருந்தது. கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முறையை லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949-இலேயே செய்து பார்த்துவிட்டார். அது சாதாரண மக்களுக்கு எட்டத்தான் பல காலம் ஆயிற்று. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் பிரிவாக 1992-இல் ஆரோலேப் வந்து, லென்ஸை இங்கேயே குறைந்த விலையில் செய்ய ஆரம்பித்தது. அதன் பிறகு காத்திருப்பதற்குக் காரணம் இல்லை. அன்றாட வேலைக்குப் பார்வை தடையாக இருக்கிறதா, எடுத்துவிடலாம். இன்னொன்றும் அன்று தெரிந்துகொண்டேன். ரொம்ப முத்திய புரை உப்பினாலோ கசிந்தாலோ அதுவே கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். முத்தவிட்டு முத்தவிட்டுக் கண்ணை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

மருந்து விஷயத்தில் எங்களுக்கு இன்னொரு அடி விழுந்தது. ஆத்தாவுக்கு முதலில் எழுதியது டைமோலால் என்ற சொட்டு மருந்து. எழுதும் முன் வேறு நோய் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். பிரஷர் இருக்கிறது, சர்க்கரை இல்லை என்றேன். மார்கழி மாதம் வந்தால் ஆத்தாவுக்கு மூச்சு இளைப்பு வரும். கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று அதைச் சொல்லவில்லை. நாலாம் நாள் ராத்திரி மூச்சு விட முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் சொன்னார்கள், கண்ணில் விடும் சொட்டு மூக்குக்கு இறங்கும் குழாய் வழியாகப் போய் ரத்தத்தில் கலக்கும், டைமோலால் இளைப்பு இருப்பவர்களுக்கு ஆகாது, இதயத் துடிப்பையும் குறைக்கும் என்று. மருந்தை மாற்றினார்கள். இப்போது ராத்திரி ஒரு வேளை லட்டனோப்ராஸ்ட். அதில் இமை முடி கொஞ்சம் நீளமாக வளரும், கண்ணைச் சுற்றிக் கறுக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டதால் ஆத்தா பயப்படவில்லை. கண் டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள அத்தனை மாத்திரை அட்டையையும், இன்ஹேலர் இருந்தால் அதையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். எது சம்பந்தம், எது சம்பந்தமில்லை என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

சொட்டு விடுவதற்கே ஒரு பக்குவம் இருக்கிறது. ஆறு மாதம் நாங்கள் தப்பாகத்தான் விட்டோம். கீழ் இமையை லேசாக இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும். அதில் ஒரே சொட்டு. குப்பியின் முனை இமையில் படக் கூடாது. கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை விரலால் இரண்டு நிமிடம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அப்போது மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். திறந்த தேதியைக் குப்பியில் எழுதி வைக்கிறேன். ஒரு மாதம் ஆனால் மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவோம்.

மருந்துக் கடையில் நாமாக வாங்கும் சொட்டு மருந்தைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. கண் சிவந்தால் போதும், போன தடவை வாங்கிய குப்பியைக் காட்டி அதையே வாங்குகிறோம். அதில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று லேபிளில் இருந்தால் அதுதான். சிவப்பு ஒரே நாளில் போய்விடும், அதனால் நல்ல மருந்து என்ற பெயர் எடுக்கும். டாக்டர் கண்காணிப்பில்லாமல் வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி நரம்பு கெடும், புரையும் சீக்கிரம் வரும். களத்தில் நெல் உமியோ சோளத் தோகையோ கண்ணில் பட்ட பிறகு வரும் புண்ணுக்கு அதை விட்டால் இன்னும் மோசம். நம் பக்கத்தில் அது அநேகமாகக் காளான் கிருமியால் வருகிற புண். ஸ்டீராய்டு அதற்குத் தீனி போட்ட மாதிரி. எங்கள் தெருவில் ஓர் அக்கா கதிர் கீறிய கண்ணுக்கு நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்தார், தாய்ப்பாலும் விட்டார், பத்து நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். கண்ணில் இப்போது பூ. அவருக்கு இனி யாராவது கண் தானம் செய்தால்தான் அந்தக் கண்ணில் வெளிச்சம்.

சீட்டை வாசிக்கக் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.இ. அல்லது ஓ.டி. என்றால் வலது கண். எல்.இ. அல்லது ஓ.எஸ். என்றால் இடது. 6/6 என்றால் சாதாரணமாக ஆறு மீட்டரில் தெரிய வேண்டியது உங்களுக்கும் ஆறு மீட்டரில் தெரிகிறது. 6/60 என்றால் மற்றவர்கள் அறுபது மீட்டரில் பார்ப்பதற்கு நீங்கள் ஆறு மீட்டருக்கு வர வேண்டும். ஐ.ஓ.பி. என்பது கண் அழுத்தம். சி.டி.ஆர். என்று 0.3, 0.8 போல ஒன்று இருந்தால் அது பார்வை நரம்பின் முகப்பில் நடுக் குழி எத்தனை பங்கு என்ற விகிதம், பொதுவாக ஒன்றை நெருங்க நெருங்க நரம்பு அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஆத்தாவின் இடது கண்ணில் 0.9. கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டையும் பாதிப் பேர் தலைகீழாகச் சொல்கிறோம். கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் தெரியும், தூரம் தெரியாது, கண்ணாடியில் மைனஸ் பவர் வரும். நாற்பதுக்கு மேல் பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் படிப்பது வெள்ளெழுத்து. என் அப்பச்சி அதைச் சாளேசரம் என்பார். அது நோயே இல்லை. ஆனால் அந்த வயதில் கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பவர் மட்டும் பார்த்துவிட்டு, கண்ணைக் காட்டியாச்சு என்று இருந்துவிடுகிறோம். அங்கே அழுத்தமும் நரம்பும் யாரும் பார்ப்பதில்லை.

சோதனைக்குப் போகிற அன்று பாப்பா விரிவதற்கு மருந்து விடுவார்கள். நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெரியாது, வெயில் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். கூட ஒருவர், ஒரு கறுப்புக் கண்ணாடி, மதியச் சாப்பாடு, இவை வேண்டும்.

வீட்டில் செய்தது சின்ன வேலைதான். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் பூ வேலைப்பாடு அழகு, ஆனால் படியின் விளிம்பு எது என்று ஆத்தாவுக்குப் பிரியவில்லை. ஒவ்வொரு படி விளிம்பிலும் மஞ்சள் டேப் ஒட்டினோம். இரண்டாம் கட்டு நிலைப்படிக்கு மேலே எப்போதும் எரிகிற ஒரு விளக்கு. பழைய வீட்டில் டேப்பா என்று அப்பச்சிக்கு மனசே இல்லை. ஒட்டிய பிறகு ஆத்தா ஒரு தடவை கூட விழவில்லை.

அழுத்தம் இப்போது 15, 16-இல் நிற்கிறது. கொட்டான் முடைவது நிற்கவில்லை.

எனக்குச் சோதித்ததில் 17, நரம்பு நன்றாக இருக்கிறது. வருடம் ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். சென்னையில் இருக்கும் அண்ணனைச் சோதனைக்கு அனுப்பத்தான் ஒரு வருடம் ஆயிற்று. வேலை, நேரமில்லை, எனக்குத்தான் நன்றாகத் தெரிகிறதே என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பதில். போன ஆவணியில் ஒருவழியாகப் போய்விட்டு ராத்திரி போன் செய்தார். இரண்டு கண்ணிலும் 24. நரம்பில் இன்னும் சேதம் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்க்க வேண்டுமாம்.

"அப்பச்சிகிட்ட போனக் குடு, நானே சொல்றேன்" என்றார். ஸ்பீக்கரில் போட்டேன். "அப்பச்சி, எனக்குப் பிரஷர் கூட இருக்காம்" என்று தொடங்கியவர், அந்த இடத்தில் நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னார். "கண் பிரஷர் அப்பச்சி. ரத்தப் பிரஷர் இல்ல, கண் பிரஷர்."